சிம்ஸ் 4-ல் கதைமாந்தர்களை உருவாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நந்தினி, வந்தியத்தேவன், ஷெர்லாக் ஹோம்ஸ், துப்பறியும் சாம்பு என்று படித்த கதைகளிலிருந்து ஆட்களைப் பிடித்து சிம்ஸ் 4-க்குள் குடிவைப்பது எனக்கு நெடுநாள் பழக்கம். யாரிடமாவது படம் காட்டினால் போதும், அதே சந்தேகங்கள் திரும்ப வரும். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். பொன்னியின் செல்வனை இன்னும் முடிக்காதவர்கள் மந்தாகினி என்ற பெயர் வரும் கேள்வியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

இது எந்த கேம்? காசு கட்டணுமா? என் போன்ல ஓடுமா?

சிம்ஸ் 4. மாக்ஸிஸ் உருவாக்கி எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிடும் வாழ்க்கை விளையாட்டு வரிசையில் நான்காவது. முதல் சிம்ஸ் 2000-ல் வந்தது, இது 2014 செப்டம்பரில். 2022 அக்டோபர் 18 முதல் அடிப்படை ஆட்டம் இலவசம். பேக் என்று தனித்தனியாக விற்கும் கூடுதல் தொகுப்புகளுக்குத்தான் காசு. கம்ப்யூட்டர், மேக், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் ஆகியவற்றில் ஓடும். போனுக்கு வரவில்லை.

மெனு தமிழில் கிடையாது. சிம்கள், அதாவது ஆட்டத்தின் ஆட்கள், பேசுவதோ சிம்லிஷ் என்ற கற்பனை மொழி. அதனால் மொழி விஷயத்தில் லண்டன் ஹோம்ஸும் வீராணம் ஏரிக்கரை வந்தியத்தேவனும் ஒரே நிலைமைதான்.

ஒரு கேரக்டரை அப்படியே கொண்டு வர்றதுன்னா என்ன? முகம் ஒத்துப்போனா போதாதா?

முகம் ஒத்துப்போனால் ஒரு நல்ல ஸ்க்ரீன்ஷாட் கிடைக்கும், அவ்வளவுதான். அரை மணி நேரம் ஆடியபிறகு உங்கள் ஹோம்ஸ் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தால் அது ஹோம்ஸ் இல்லை, மூக்கு நீண்ட யாரோ ஒருவர்.

நான் வைத்திருக்கும் பரிசோதனை இது. ஆளை உருவாக்கி வீட்டில் விட்டுவிட்டு, ஆட்டக் கணக்கில் மூன்று மணி நேரம் எந்தக் கட்டளையும் கொடுக்காமல் பாருங்கள். சாதாரண வேகத்தில் ஆட்டத்தின் ஒரு நிமிடம் நமக்கு ஒரு நொடி, ஆகவே மூன்றே நிமிட வேலை. அவர் தானாக என்ன செய்கிறார், யாரோடு பேசப் போகிறார், எதற்குக் கோபப்படுகிறார்? பெயரை மறைத்துக் காட்டினாலும் கதை படித்தவர் கண்டுபிடித்துவிட வேண்டும். அதற்கு அந்த ஆளின் நல்ல குணங்களைவிடக் கோணல்தான் அதிகம் உதவும். வீரம், அழகு, அறிவு எல்லாம் எல்லா நாயகருக்கும் பொது. கோணல் அவரவர் சொத்து.

இது ரசிகர்கள் மட்டும் செய்கிற கிறுக்குத்தனம் என்று நினைக்க வேண்டாம். 2004-ல் வந்த சிம்ஸ் 2-ல் 'வெரோனாவில்' என்ற பெயரில் ஒரு ஊரே உண்டு. மான்ட்டி குடும்பத்துக்கும் கேப் குடும்பத்துக்கும் தீராப் பகை, நடுவில் ரோமியோவும் ஜூலியட்டும். ஷேக்ஸ்பியரின் ஆட்களை ஆட்டம் செய்தவர்களே குடியேற்றி, மிச்சத்தை நம் கையில் விட்டார்கள்.

முகமே எனக்கு வர மாட்டேங்குது. எங்க ஆரம்பிக்கறது?

ஆளை உருவாக்கும் திரைக்கு க்ரியேட் எ சிம் என்று பெயர், சுருக்கமாக காஸ். அங்கே மூக்கையோ தாடையையோ மவுஸால் பிடித்து இழுத்தால் நகரும். பலரும் முதல் நொடியிலேயே இழுக்க ஆரம்பித்து, முகம் கோணிப்போய் விட்டுவிடுகிறார்கள். முதலில் தயாராக இருக்கும் கண், மூக்கு, வாய் மாதிரிகளில் கிட்டத்தட்டப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். தாடை, நெற்றி, கண்களுக்கு இடையே உள்ள தூரம் ஆகியவற்றைச் சரிசெய்த பிறகு மூக்குக்கு வாருங்கள். உதடு கடைசி.

பக்கவாட்டில் திருப்பிப் பார்க்க மறக்காதீர்கள். மூக்குத் தண்டின் மேடும் தாடை முன்னால் நீள்வதும் அங்கேதான் கைக்குச் சிக்கும். இன்னொன்று: காஸ் வெளிச்சம் வேறு, வீட்டுக்குள் விழும் வெளிச்சம் வேறு. ஒருமுறை வீட்டில் இறக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்து திருத்துங்கள். நம்மூர் நிறங்களுக்கு இப்போது பஞ்சமில்லை. 2020 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட புதுத் தோல் நிறங்கள் வந்துவிட்டன, கூடவே கருமையைக் கூட்டிக் குறைக்க ஸ்லைடரும் வந்தது.

முகத்துக்குச் செலவிடும் நேரத்தில் கால்பங்காவது நடைக்கும் குரலுக்கும் கொடுங்கள். ஸ்வாகர் நடை போட்ட வந்தியத்தேவனைத் தெருக்கோடியிலேயே அடையாளம் தெரியும். ஸ்நூட்டி நடையைப் பெரிய பழுவேட்டரையருக்குக் கொடுத்துப் பாருங்கள், ஊரே ஒதுங்கி வழிவிடுவதாகத் தோன்றும்.

உயரத்தை எங்க மாத்தறது?

மாற்ற முடியாது. வளர்ந்த சிம்கள் எல்லாரும் ஒரே உயரம், டீன் வயதினர் உட்பட. கட்டையான ஆழ்வார்க்கடியானை உடல் பருமனிலும் தலைக்கட்டிலும்தான் காட்ட முடியும். உயரம் மாற்றும் மாட்கள், அதாவது ரசிகர்கள் செய்து சேர்க்கும் மாற்றக் கோப்புகள், உண்டு, ஆனால் கட்டிப்பிடிக்கும்போது கை காற்றில் நிற்கும்.

படத்துல நடிச்சவங்க முகத்தை வெக்கணுமா, இல்ல புக்ல வர்ற மாதிரியா?

கேட்பவர்களில் பாதிப்பேர் மனதில் 2022-ல் வந்த பொன்னியின் செல்வன் படத்தின் முகங்கள், மீதிப்பேர் மனதில் மணியம் தொடர்கதைக்கு வரைந்த படங்கள். ஹோம்ஸ் விஷயத்திலும் இதே சிக்கல்தான். காதுமடல் வைத்த அந்தப் பிரபலத் தொப்பி நம் மனதில் பதியக் காரணம் ஓவியர் சிட்னி பேஜெட். அந்தத் தொப்பியோடு ஹோம்ஸ் லண்டன் தெருவில் எந்நேரமும் திரிவதாகக் கதையில் இல்லை.

என் கட்சி ஓவியத்தின் பக்கம். ஓவியத்தில் கோடுகள் குறைவு, புருவம், கொண்டை, நின்ற நிலை இவைதான் தெரியும். அவை சிம்ஸின் கார்ட்டூன் சாயலுக்குப் பொருந்துகின்றன. நடிகரின் முகத்தை அச்சு அசலாகக் கொண்டுவரப் போனால் சிறு பிசகும் உறுத்தும். அதோடு, ஒரு நடிகையின் முகத்தை வைத்துக்கொண்டு படுக்கையறைக் காட்சிவரை ஆடுவதும் அதை ஊருக்குக் காட்டுவதும் எனக்குச் சங்கடமாக இருக்கும். கதாபாத்திரத்துக்கு மானநஷ்டம் கிடையாது, நடிகைக்கு உண்டு.

மூணே மூணு ட்ரெய்ட்தான் குடுக்க முடியுமா? வந்தியத்தேவனுக்கு முப்பது வேணுமே!

ட்ரெய்ட் என்பது பிறவிக் குணம். குழந்தைக்கு ஒன்று, டீன் வயதில் இரண்டு, வளர்ந்தவர்களுக்கு மூன்று. ஆஸ்பிரேஷன் எனப்படும் வாழ்க்கை லட்சியத்தோடு கூடுதலாக ஒன்று வரும். 2021-ல் சேர்ந்த விருப்பு வெறுப்புப் பட்டியலை யாரும் சரியாகப் பயன்படுத்துவதில்லை. எந்த இசை, எந்த நிறம், எந்த வேலை பிடிக்கும், பிடிக்காது என்று அதில் நிறையக் குறிக்கலாம், மூன்று குணத்தில் அடங்காததெல்லாம் அங்கே போகும்.

வந்தியத்தேவனுக்கு நான் கொடுத்தது: யாரைக் கண்டாலும் பேச்சுக் கொடுக்கும் அவுட்கோயிங், தன்னம்பிக்கை தரும் செல்ஃப்-அஷ்யூர்ட், வெளியில் இருந்தால் மகிழும் லவ்ஸ் அவுட்டோர்ஸ். பலர் அவனுக்கு நான்கமிட்டல் கொடுக்கிறார்கள், அதாவது எதிலும் நிலைக்காத ஆள். வழியில் பார்க்கும் அழகையெல்லாம் ரசிப்பவன்தான், ஆனால் குந்தவை என்று வந்துவிட்டால் மனம் அசையாது. அந்தக் குணத்தைக் கொடுத்தால் நிச்சயதார்த்தம் ஆனவுடன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிவான்.

ஒரே ஆளுக்கு எதிரெதிர் குணம் இருந்தா? ஹோம்ஸுக்கு நீட்டும் ஸ்லாபும் சேர்த்துப் போட விடமாட்டேங்குது.

விடாது. நீட் என்றால் சுத்தப் பித்து, ஸ்லாப் என்றால் அழுக்கைப் பற்றிக் கவலைப்படாதவர், இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். குட்–ஈவில், ஆக்டிவ்–லேசி, லோனர்–அவுட்கோயிங் ஜோடிகளுக்கும் இதே கதி. ஆனால் நல்ல கதாபாத்திரங்கள் அந்த முரணில்தானே பிழைக்கின்றன! வாட்ஸன் எழுதுவதைப் பாருங்கள்: ஹோம்ஸ் உடையில் சுத்தக்காரர், அறையிலோ அலங்கோலம். சுருட்டுகள் கரிக்கூடையில் கிடக்கும். புகையிலை பாரசீகச் செருப்பின் நுனியில் இருக்கும். பதில் எழுதாத கடிதங்களோ கணப்புமேடையின் மரத்தில் பேனாக்கத்தியால் குத்தி நிற்கும்.

வழி என்னவென்றால், ஒரு பாதியை ட்ரெய்டுக்குக் கொடுங்கள், மறுபாதியை உடைக்கோ வீட்டுக்கோ கொடுங்கள். என் ஹோம்ஸுக்கு ஜீனியஸ், லோனர், ஸ்லாப். தட்டுகள் குவிந்தாலும் அவருக்கு உறைக்காது, எழுந்து போய் வயலின் வாசிப்பார். வயலின் திறன் அடிப்படை ஆட்டத்திலேயே உண்டு. உடையில் மட்டும் எல்லா வகையிலும், இரவு உடை உட்பட, கசங்கலே இல்லாத கோட்டு சூட்டு. அதே வீட்டில் வாட்ஸனை நீட் ஆக்கிவிடுங்கள். காலையில் எழுந்ததும் முணுமுணுத்துக்கொண்டே தட்டு கழுவுவதை அவர் பார்த்துக்கொள்வார், நீங்கள் சொல்லவே வேண்டாம். எழுத்துத் திறன் கூடியதும் அவரைப் புத்தகம் எழுதவிட்டால் தலைப்பை நீங்களே வைக்கலாம், அது அலமாரியில் போய் உட்காரும்.

ஹோம்ஸ், சாம்பு ரெண்டு பேரும் டிடெக்டிவ்தானே? ரெண்டும் ஒண்ணா ஆயிடாதா?

ஒரே வேலையைக் கொடுத்தால்தான் வேடிக்கை. டிடெக்டிவ் வேலை 2015-ல் வந்த கெட் டு வொர்க் பேக்கில் இருக்கிறது. குற்றம் நடந்த இடத்துக்கு நாமே கூடப் போய்த் தடயம் சேகரித்து, ஆய்வகத்தில் சோதித்து, சந்தேக ஆளைப் பிடிக்க வேண்டும்.

தேவனின் சாம்பு வங்கிக் குமாஸ்தா. அவன் அசட்டுத்தனமாக எதையோ செய்யப்போக, அது தற்செயலாகக் குற்றவாளியின் மேல் போய் விழும். அவனுக்கு க்ளம்ஸி, கூஃப்பால், சியர்ஃபுல், நடை கூஃபி. ஜீனியஸ் பக்கமே போகாதீர்கள். தடயம் தேடப் போன இடத்தில் தடுக்கி விழுந்து எழுந்து சிரித்துவிட்டு வேலையைத் தொடர்வான். வீட்டில் வேம்பு கட்டாயம் இருக்க வேண்டும், அவளுக்கு செல்ஃப்-அஷ்யூர்ட்.

நந்தினிக்கு ஈவில் ட்ரெய்ட் குடுத்துடலாம்ல?

தயவுசெய்து வேண்டாம். ஈவில் ஆள் யார் அழுதாலும் மகிழ்வார். பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால்கூடச் சிரிப்பார். நந்தினிக்கு ஊராரின் துக்கத்தில் என்ன வேலை? அவள் பகை சிலர் மேல்தான். ஜெலஸும் பொருந்தாது, பழுவேட்டரையர் யாரோடு பேசினால் அவளுக்கென்ன. ஹாட்-ஹெடட் அதைவிடத் தப்பு, அவள் கோபத்தை வெளியில் விடுகிறவளே இல்லை.

என் நந்தினி: ஆம்பிஷியஸ், செல்ஃப்-அஷ்யூர்ட், ரொமான்டிக். மூன்றாவதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவள் ஆயுதமே அதுதான் என்பது ஒரு காரணம், அந்த ஆயுதம் அவளையும் அறுக்கிறது என்பது இன்னொன்று. ரொமான்டிக் சிம் நெடுநேரம் காதல் பேச்சே இல்லாமல் இருந்தால் சோர்ந்துபோகும். ஆட்டத்தில் அவள் சோர்ந்து உட்கார்ந்திருக்கும்போது நாவலின் நந்தினியே தெரிகிறாள். வேலை, சீக்ரெட் ஏஜென்ட். அது மேலே போனதும் இரண்டாகப் பிரியும், அதில் வில்லன் கிளையை எடுங்கள். அதே வேலையின் டயமண்ட் ஏஜென்ட் கிளை, அநிருத்தப் பிரம்மராயருக்கு ஒற்று பார்க்கும் ஆழ்வார்க்கடியானுக்கு.

ஆழ்வார்க்கடியான் எல்லார்கிட்டயும் சண்டை போடணும், ஆனா கெட்டவனா இருக்கக் கூடாது. எப்படி?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. மீன், அதாவது பிறரைப் புண்படுத்தும் ட்ரெய்ட் கொடுத்தால் குரூரமாகிவிடுவான். 2017-ல் வந்த பேரன்ட்ஹுட் பேக்கில் ஐந்து பண்பு அளவுகோல்கள் உண்டு. குழந்தைப் பருவத்திலிருந்து ஏறி இறங்கி, வளர்ந்தபிறகு நிலையான குணமாக மாறுபவை. அதில் சச்சரவைத் தீர்க்கும் பண்பு தாழ்ந்திருந்தால் பெரியவனாகும்போது ஆர்க்யுமென்டேடிவ், அதாவது வாதக்காரன் என்ற குணம் ஒட்டிக்கொள்ளும். மற்ற நான்கையும் உயர்த்தி இதை மட்டும் தாழ்த்தி, சிறுவனாக இருக்கும்போதிருந்து வளர்த்தால் அசல் திருமலையப்பன் கிடைப்பான். பரிவு உண்டு, பொறுப்பு உண்டு, சைவரைக் கண்டால் மட்டும் கைத்தடி துடிக்கும்.

பொறுமை இல்லாதவர்கள் சீட், அதாவது ஆட்டத்தின் குறுக்குவழிக் கட்டளை போட்டுக் குணத்தை நேரடியாக ஏற்றலாம். ஆனால் வளர்ந்த வழியில் அவனுக்குச் சேரும் நண்பர்களும் பகைவர்களும் சீட்டில் வராது.

பழைய பகையெல்லாம் எப்படிக் காட்றது? ஆளைப் புதுசாச் செஞ்சா எல்லாரும் அந்நியங்களா இருக்காங்களே.

இரண்டு வழி. குறுக்குவழி சீட். கன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் மேலே ஒரு பெட்டி திறக்கும். டெஸ்டிங்சீட்ஸ் ட்ரூ என்று ஆங்கிலத்தில் அடித்து, பிறகு உறவுமுறைக் கட்டளையால் நட்பையும் காதலையும் கழித்தல் 100 முதல் 100 வரை எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

ஆனால் எண்ணை மாற்றினால் காரணம் வராது. 2020 நவம்பரில் அடிப்படை ஆட்டத்தில் சென்டிமென்ட் என்ற ஒன்று சேர்ந்தது. ஒருவர் மேல் இன்னொருவருக்கு ஏற்பட்ட மனக்காயம், நன்றி, கசப்பு ஆகியவை தனித்தனியாகப் பதிந்து, பிறகு அவர்கள் எதிர்ப்படும்போதெல்லாம் தலைதூக்கும். அதை உண்டாக்க முன்கதையை ஆடித்தான் ஆக வேண்டும். நந்தினியையும் ஆதித்த கரிகாலனையும் டீன் வயதில் ஒரே ஊரில் விடுங்கள். பழகட்டும், காதலிக்கட்டும். பிறகு வன்மையாகச் சண்டையிட்டுப் பிரியட்டும். வீரபாண்டியன் தலையைக் கொய்யும் காட்சிக்கு ஆட்டத்தில் வழியில்லை. ஆனால் வீரபாண்டியன் என்று ஒரு சிம்மை உருவாக்கி, சாகவிட்டு, கல்லறையை நந்தினி வீட்டுத் தோட்டத்தில் வைக்கலாம். இராத்திரியில் ஆவி வரும். தூக்கம் கலைந்து அவள் எழுந்து வந்து ஆவியோடு பேசிக்கொண்டிருந்த இரவில் நான் வேகத்தைக் கூட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மந்தாகினியும் நந்தினியும் அச்சு அசல் ஒரே முகமா வரணும். ரெண்டு தடவை செதுக்கணுமா?

தேவையில்லை. நந்தினியை முடித்து மை லைப்ரரியில் சேமியுங்கள். அந்தக் குடும்பத்தையே மறுபடி காஸில் திறந்து, ஆள் சேர்க்கும் பொத்தான் வழியாக லைப்ரரியிலிருந்து அதே நந்தினியை இன்னொருமுறை உள்ளே இழுங்கள். இப்போது இரண்டு நந்தினிகள். ஒருத்தியின் பெயரை மந்தாகினி ஆக்கி, வயதை ஒரு படி ஏற்றி, நகையை எல்லாம் கழற்றி, தலைமுடியை விரித்துவிடுங்கள். உறவை அங்கேயே தாய்–மகள் என்று குறித்துவிட வேண்டும், தனி வீட்டுக்குப் பிரித்த பிறகு அது எளிதில் நடக்காது. பிறகு மேனேஜ் ஹவுஸ்ஹோல்ட்ஸ் போய் இருவரையும் பிரியுங்கள்.

பேச்சற்றவள் என்பதை ஆட்டம் அறியாது. லோனர் குணம் கொடுத்து ஆள் நடமாட்டமில்லாத தீவில் வைப்பதுதான் அருகில் வரக்கூடியது. 2019-ல் வந்த ஐலண்ட் லிவிங் பேக்கின் சுலானி அதற்குத் தோது, ஈழக்கரைக்குப் பதிலாக இருந்துவிட்டுப் போகட்டும். அங்கே துடுப்புப் படகும் உண்டு என்பதால் பூங்குழலிக்கும் அதுவே ஊர்.

ஒரு வீட்டுக்கு எட்டுப் பேர்தானாமே? நாவல்ல அவ்வளவு பேர் இருக்காங்களே!

ஒரு குடும்பத்துக்கு எட்டு என்பதுதான் வரம்பு. ஊர் முழுக்கக் குடும்பங்களை நிரப்புவதற்குத் தடையில்லை. பழையாறையில் குந்தவை, வானதி. தஞ்சைக் கோட்டைக்குள் பழுவேட்டரையர்கள். நந்தவனத்துக்குப் பக்கத்தில் சேந்தன் அமுதன். பெரிய பழுவேட்டரையரை எல்டர் ஆக்குங்கள், இளம் மனைவியோடு மணம் முடிக்க ஆட்டம் தடை சொல்லாது. ஆனால் எல்டர்களை அளவுக்கு மீறி உடற்பயிற்சி செய்யவிட்டால் களைத்துச் செத்தே போவார்கள், கவனம். அறுபத்துநான்கு தழும்பும் வேண்டுமென்றால் சிசி தேடுங்கள், அதைப் பற்றிக் கீழே.

ரவிதாசன் கூட்டத்துக்கு கெட் டுகெதர் பேக்கின் கிளப் வசதியை விட்டால் வேறில்லை. ஆபத்துதவிகள் என்று ஒரு கிளப் தொடங்கி, கூடும் இடம், உடை, என்ன செய்ய வேண்டும், யாரிடம் விரோதம் காட்ட வேண்டும் என்றெல்லாம் விதிக்கலாம். கூட்டம் கூடியதும் விதிப்படி தாங்களே நடந்துகொள்வார்கள்.

சேலை, வேட்டி, நகையெல்லாம் எங்க கிடைக்கும்?

அடிப்படை ஆட்டத்தை மட்டும் வைத்துச் சோழர் காலம் காட்ட முடியாது. 2021 அக்டோபரில் வந்த ஃபேஷன் ஸ்ட்ரீட் கிட் மும்பைத் தெருக்கடைகளை மனதில் வைத்துச் செய்தது. அழகுதான், ஆனால் இந்தக் காலத்து உடை. பழங்கால உடைக்கு சிசி, அதாவது ரசிகர்கள் தாங்களே செய்து பகிரும் பொருட்கள்தான் கதி. கம்ப்யூட்டரிலும் மேக்கிலும் மட்டும் போடலாம், கன்சோலில் முடியாது. கன்சோல்காரர்கள் நிறத்தை நம்புங்கள். ஒரு ஆளுக்கு இரண்டு நிறம் என்று முடிவு செய்து, எல்லா உடையிலும் அதையே பிடித்துக்கொண்டால் துணி வேறாக இருந்தாலும் ஆள் தெரியும்.

சிசி போட்டேன், ஒண்ணும் காட்ட மாட்டேங்குது. சில சமயம் கேமே படுத்துடுது.

கோப்பு டாக்குமென்ட்ஸ் உள்ளே எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், அதற்குள் தி சிம்ஸ் 4, அதற்குள் மாட்ஸ் என்ற இடத்தில் இருக்க வேண்டும். ஜிப்பைப் பிரித்துப் போடுங்கள். ஸ்க்ரிப்ட் வகை மாட்களை ஒரு உள்கோப்புறைக்கு மேல் ஆழமாகப் புதைத்தால் ஆட்டம் படிக்காது. பிறகு கேம் ஆப்ஷன்ஸில் அதர் பகுதியில் அனுமதியை இயக்கி, ஆட்டத்தை மூடித் திறக்க வேண்டும். ஒவ்வொரு புது அப்டேட்டுக்கும் பிறகு அந்த அனுமதி தானாக அணைந்துவிடும். "நேத்து வரைக்கும் இருந்துச்சு" என்பவர்களில் பெரும்பாலோர் கதை இதுதான்.

படுத்துவிட்டால் மாட்ஸ் கோப்புறையை மேசைக்கு நகர்த்திவிட்டு ஆட்டத்தைத் திறங்கள். ஓடினால் குற்றவாளி உள்ளேதான். பாதியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், பிறகு அதில் பாதி. சலிப்பான வேலை, ஆனால் குறுக்குவழி கிடையாது.

நான் வேற வீட்டை ஆடிட்டு வந்தா, குந்தவை யாரோ பேர் தெரியாதவனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு நிக்கறாங்க!

நெய்பர்ஹுட் ஸ்டோரீஸ் என்ற வசதியின் கைங்கரியம். நீங்கள் ஆடாத குடும்பங்கள் தாமாகவே வேலை மாற, மணம் செய்ய, பிள்ளை பெற, சாகக்கூட அது அனுமதிக்கிறது. மேனேஜ் ஹவுஸ்ஹோல்ட்ஸில் குடும்பம் குடும்பமாக எதை அனுமதிப்பது, எதைத் தடுப்பது என்று குறிக்கலாம். கூடவே, ஆடாத குடும்பங்களுக்கு வயது ஏறுவதையும் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் அருள்மொழி பட்டம் கட்டும் முன்பே வானதி கிழவியாகிவிடுவாள்.

வானதி அடிக்கடி மயங்கி விழணுமே?

அதற்கென்று குணம் எதுவும் இல்லை. எனர்ஜி அளவு அடிமட்டத்துக்குப் போனால் எந்தச் சிம்மும் நின்ற இடத்தில் சரிந்து தூங்கும். அவளைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொண்டால் வேண்டிய நேரத்தில் விழுவாள். கொடுமைதான்.

குதிரை, வாள்?

குதிரை 2023 ஜூலையில் வந்த ஹார்ஸ் ரான்ச் பேக்கில் உண்டு. அதற்கும் குணங்கள் கொடுக்கலாம். அடிப்படை ஆட்டத்தில் வாள்வீச்சுக்கு வழியில்லை. வாளும் அரசரும் படையெடுப்பும்தான் முக்கியம் என்றால் 2011-ல் வந்த தி சிம்ஸ் மிடிவல் என்ற தனி ஆட்டம் இருக்கிறது, ஆனால் அது ஐரோப்பியக் கோட்டை கொத்தளம்.

இன்ஸாய்ல இதைவிட நல்லா வருமாமே?

தென்கொரியாவின் கிராஃப்டன் 2025 மார்ச்சில் ஆரம்பநிலை வெளியீடாகக் கொண்டுவந்த வாழ்க்கை விளையாட்டு இன்ஸாய். முகமும் துணியும் நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கும், அதற்கேற்ற வலுவான கம்ப்யூட்டரும் வேண்டும். நடிகரின் முகத்தைத் தேடுபவர்கள் அங்கே போகலாம். எனக்கு ஆழ்வார்க்கடியான் சிறுவயதிலிருந்தே வாதம் செய்து வளர வேண்டும், அதனால் இங்கேயே இருக்கிறேன்.

கேலரியில் போட்டா மத்தவங்களுக்கு மொட்டையா வருதாம். அப்புறம், காப்பிரைட் பிரச்சினை வருமா?

கேலரி என்பது செய்த ஆட்களை மற்றவர்களோடு பகிரும் இடம், அதன் வழியாக சிசி போகாது. தலைமுடி சிசி என்றால் இறக்குபவருக்கு ஆட்டம் வேறு எதையோ மாட்டிவிடும், அல்லது ஒன்றும் இருக்காது. உங்களிடம் உள்ள பேக் அவரிடம் இல்லாவிட்டாலும் உடை மாறும். அதனால் பகிர்வதற்கென்று அடிப்படை ஆட்டத்தின் பொருட்கள் மட்டும் கொண்ட இன்னொரு வடிவம் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கத்தில் எந்த நாவலின் எந்த ஆள் என்பதையும், குணங்களை ஏன் தேர்ந்தீர்கள் என்பதையும் இரண்டு வரியில் எழுதுங்கள்.

கல்கி மறைந்தது 1954-ல். அவர் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, இந்தியச் சட்டத்தின் அறுபது ஆண்டும் முடிந்துவிட்டது. ஹோம்ஸ் கதைகளில் கடைசியாக எஞ்சியவையும் அமெரிக்காவில் 2023 தொடக்கத்தோடு பொதுவுடைமை ஆகிவிட்டன. படத்தின் உடை வடிவமைப்பும் நடிகர் முகமும் அப்படி அல்ல. நீங்களே சிசி செய்து காசுக்கு விற்கலாமா என்று கேட்டால், மாட்கள் எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும், சிறிது காலம் முன்கூட்டியே கொடுப்பதற்கு மட்டும் பணம் பெறலாம் என்பது 2022-ல் ஆட்ட நிறுவனம் சொன்ன விதி.

கதையோட முடிவை மாத்தி ஆடலாமா? கரிகாலன் சாகாம இருந்தா எப்படி இருக்கும்னு பாக்கணும்.

தாராளமாக. கடம்பூர் இரவுக்கு முந்தைய கட்டம்வரை ஆடிவிட்டு, சேவ் ஆஸ் போட்டு வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். மூலப் பிரதியைத் தொடாதீர்கள். புதுப் பிரதியில் மேலே சொன்ன சென்டிமென்ட்களை அழிக்காமல், தானியங்கு நடத்தையை முழுதாக இயக்கி, கரிகாலனையும் நந்தினியையும் ஒரே வீட்டில் விடுங்கள். என் பிரதியில் இருவரும் சமையலறையில் கத்திக்கொண்டார்கள், ஆளுக்கொரு அறையில் போய்ப் படுத்தார்கள், காலையில் கரிகாலன் இரண்டு பேருக்கும் சேர்த்து தோசைக்கல்லில் பான்கேக் சுட்டான். நந்தினி சாப்பிடவில்லை. பழுவேட்டரையர் வந்து இரண்டு தட்டையும் காலி செய்தார்.